கதையா, கடையா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்தப் பனியிலும் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு, மடியில் தூங்கும் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, ஊர்ப் பெரியவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

ஒரு படம் மக்களிடம் போய்ச் சேரக் காரணம் கதையா, கடையா? இதுதான் இன்றைய தலைப்பு. நான் கடையின் பக்கம். கடை என்று நான் சொல்வது, படத்தை வாங்கி, விளம்பரம் செய்து, ஏரியா ஏரியாவாகப் பிரித்து, தியேட்டரிலும் டி.வி.யிலும் போனிலும் கொண்டுவந்து வைக்கிற மொத்த ஏற்பாட்டையும்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி ஐயா, "பூ மணந்தால் போதும், வண்டு தானே தேடி வரும்" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நன்றாகச் சொன்னார் என்று நானும் தட்டினேன். ஆனால் ஐயா, நம் பக்கத்து மல்லிகையை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் பறித்து, சாக்கில் கட்டி, முதல் வண்டியில் ஏற்றி மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு அனுப்புகிறோம். வண்டி வராவிட்டால்? சாயங்காலம் அந்தப் பூவைக் குப்பையில்தான் கொட்ட வேண்டும். மணத்தில் எந்தக் குறையும் இல்லை. வண்டி வரவில்லை, அவ்வளவுதான்.

என் தாய்மாமா ஒருவர் எண்பதுகளில் ஒரு விநியோகக் கம்பெனியில் ரெப்பாக இருந்தார். ரெப் என்றால் படப்பெட்டியோடு ஊர் ஊராகப் போகிறவர். இளைஞர்களுக்காகச் சொல்கிறேன், அப்போது ஒரு படம் என்பது பதினாலு, பதினாறு ரீல். ஒரு ரீல் சுமார் பத்து நிமிடம் ஓடும். தகரப் பெட்டிக்குள் அடுக்கி, மேலே பெயிண்டில் படத்தின் பெயரை எழுதி, பஸ் மேலே ஏற்றிக் கட்டுவார்கள். தியேட்டரில் டிக்கெட் அடிக்கட்டையை எண்ணி, ஷோவுக்கு ஷோ வசூலைத் தாளில் எழுதி, ராத்திரியே கம்பெனிக்கு அனுப்புவது மாமாவின் வேலை.

பத்து வயதில் ஒரு தீபாவளிக்கு மாமாவோடு போனேன். பெட்டி இறங்கியதும் தியேட்டர் வாசலில் சரவெடி. ஆனால் பேசிய பணத்தில் பாக்கி இருந்தது. மாமா என்ன செய்தார் தெரியுமா? பெட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். வெளியே கூட்டம் இரும்பு கேட்டைப் பிடித்து ஆட்டுகிறது. மேலே ஆபரேட்டர் புரொஜெக்டர் வெளிச்சத்துக்கான கார்பன் குச்சியை மாட்டிவிட்டுக் காத்திருக்கிறார். தியேட்டர்காரர் ரைஸ்மில்லில் கொஞ்சம், மளிகைக்கடையில் கொஞ்சம் என்று கைமாற்று வாங்கி, துண்டில் முடிந்து கொண்டுவந்தார். மாமா எச்சில் தொட்டு எண்ணினார். அப்புறம்தான் எழுந்தார். பதினொன்றரைக்குப் போட வேண்டிய படம் ஒன்றேகாலுக்கு ஆரம்பித்தது. பதினொன்றரைக்கும் அதே கதைதான் பெட்டிக்குள் இருந்தது. ஒன்றேகாலுக்கும் அதே கதைதான். இடையில் வந்தது பணம் ஒன்றுதான்.

சரி, அது பழைய காலம் என்பீர்கள். இப்போது பெட்டி கிடையாது. டிஜிட்டலில் வந்து தியேட்டர் சர்வரில் படம் ஏறிவிடுகிறது. ஆனால் பூட்டோடு வருகிறது. இந்தத் தியேட்டர், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை என்று குறித்த ஒரு டிஜிட்டல் சாவி தனியாக வர வேண்டும். கே.டி.எம். என்பார்கள். வெள்ளிக்கிழமை காலை டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது, "கே.டி.எம். வரலையாம், பைனான்ஸ் பாக்கியாம்" என்ற பேச்சைக் கேட்டிருக்கிறீர்களா இல்லையா? அன்றைக்கு மாமா பெட்டி மேல் உட்கார்ந்தார். இன்றைக்கு அந்தச் சாவி மேல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த டிஜிட்டல் திரையிடல் கட்டணத்தை யார் கொடுப்பது என்ற தகராறில்தான் 2018 மார்ச் 1 முதல் ஏப்ரல் பாதியைத் தாண்டியும் தமிழில் புதுப் படமே வெளிவரவில்லை. ஏறக்குறைய ஏழு வாரம். எதிரணியிடம் கேட்கிறேன்: அந்த ஏழு வாரமும் தமிழ்நாட்டில் நல்ல கதையே இல்லாமல் போய்விட்டதா?

கொஞ்சம் பின்னால் போவோம். சினிமா நம்மிடம் எப்படி வந்தது? திருச்சி ரயில்வேயில் வரைபடக்காரராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் சில படச் சுருள்களையும் விலைக்கு வாங்கினார். கூடாரம் அடித்து ஊர் ஊராகக் காட்டினார். பிறகு 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற தியேட்டரைக் கட்டினார். தமிழ் பேசிய முதல் படம் 'காளிதாஸ்' வந்தது 1931-இல். இருபத்தாறு வருடம் நடுவர் அவர்களே! நம் மொழியில் படம் பேசுவதற்கு இருபத்தாறு வருடம் முன்னாலேயே கூடாரமும் டிக்கெட்டும் வந்துவிட்டன.

இன்னொன்று சொல்கிறேன், எஸ்.எஸ்.வாசனின் 'சந்திரலேகா'. 1948 ஏப்ரலில் தமிழில் வந்தது. அந்த முரசு நடனத்தை யார்தான் மறப்பார்கள்? ஆனால் சொத்தை அடகு வைத்து எடுத்த படம், நன்றாக ஓடியும் போட்ட பணம் தமிழில் திரும்பவில்லை. வாசன் முடங்கிப் போகவில்லை. அவர் விளம்பரத் தொழிலில் ஆரம்பித்து, ஆனந்த விகடனை வாங்கி வளர்த்தவர். சரக்கை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று தெரிந்தவர். சில காட்சிகளை மாற்றி எடுத்து, இந்தியில் அதே வருடம் டிசம்பரில் இறக்கினார். 600-க்கும் மேற்பட்ட பிரதிகள், வடநாட்டுப் பத்திரிகைகளில் அதுவரை யாரும் செய்யாத அளவுக்கு விளம்பரம். போட்ட பணம் அப்போதுதான் திரும்பியது. முரசு ஏப்ரலிலும் இருந்தது. அந்தச் சத்தம் பம்பாய்வரை கேட்கச் செய்தது வாசனின் வியாபாரம்.

'சூப்பர் ஸ்டார்' என்ற பட்டம் எங்கிருந்து வந்தது? கதாசிரியர் எழுதியதா? இயக்குநர் வைத்ததா? 1978-இல் 'பைரவி' படத்தின் சென்னை உரிமையை வாங்கிய விநியோகஸ்தர் கலைப்புலி எஸ்.தாணு, பிளாசா தியேட்டரில் 35 அடி கட்அவுட் நிறுத்தி, தன் விளம்பரத்தில் போட்ட பெயர் அது. அதே தாணு 2016-இல் 'கபாலி' எடுத்தபோது ஏர் ஏசியா விமானத்தில் ரஜினியின் படம் வரையப்பட்டிருந்தது. ரஜினியின் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நாற்பது வருடத்துக்கு மேலாக நம் வாயில் இருக்கும் அந்தச் சொல் ஒரு விநியோகஸ்தரின் ஆபீசில் பிறந்தது.

இப்போது இந்தக் கடையின் உள்ளே கொஞ்சம் வாருங்கள். சினிமா வியாபாரத்துக்குத் தமிழ்நாடு எட்டு ஏரியா. சென்னை நகரம், செங்கல்பட்டு, ஆற்காடு, சேலம், கோவை, திருச்சி தஞ்சைக்கு டி.டி., மதுரை ராமநாதபுரத்துக்கு எம்.ஆர்., நெல்லை குமரிக்கு டி.கே. ராமநாதபுரம் மாவட்டம் 1985-இல் மூன்றாகப் பிரிந்துவிட்டது. படக்கடையில் அது இன்னும் எம்.ஆர்.தான்.

இந்த ஏரியாக்களில் படம் கைமாறும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பெரிய நடிகர் படத்தை எம்.ஜி.யில் வாங்குவார்கள், அதாவது மினிமம் கேரண்டி. ஓடினாலும் ஓடாவிட்டாலும் இவ்வளவு தந்துவிடுகிறேன் என்று முன்பணம். பல நேரம் அப்போது படப்பிடிப்பே முடிந்திருக்காது. கதை நல்லதா கெட்டதா என்று பார்க்க வழியும் இல்லை. சின்னப் படத்துக்கு எம்.ஜி. கிடையாது. "கமிஷனில் போட்டுத் தருகிறேன்" என்பார்கள். வந்த வசூலில் கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமை காலை என்ன நடக்கிறது? எம்.ஜி. கொடுத்தவர் வீட்டை அடகு வைத்திருப்பார். மூன்று நாளில் பணத்தை எடுத்தாக வேண்டும். ஊரில் உள்ள எல்லாத் திரையையும், மாலைக் காட்சி, இரவுக் காட்சி எல்லாவற்றையும் கெஞ்சியோ மிரட்டியோ வாங்கிவிடுவார். கமிஷனில் போட்டவருக்கு என்ன போகிறது? அவர் பணம் ஒரு ரூபாய்கூட அதில் இல்லை. தியேட்டர்காரர் போன் செய்து, "அண்ணே, கூட்டம் இல்லை, ஷோவைக் குறைச்சுக்கிறேன்" என்றால், "சரிப்பா" என்று வைத்துவிடுவார். சின்னப் படம் திங்கட்கிழமை காணாமல் போவது இப்படித்தான். அதற்காகச் சண்டை போட ஊரில் ஒரு ஆள் இல்லை.

எதிரணி அம்மா 'காக்கா முட்டை'யைச் சொன்னார். "நட்சத்திரம் இல்லை, இரண்டு சிறுவர்கள், ஒரு பீட்சா, கதை ஜெயித்தது" என்றார். எனக்கும் உயிரான படம் அது. ஆனால் அம்மா, அது வந்த வழியையும் சேர்த்துச் சொல்லுங்கள். தயாரித்தவர்கள் தனுஷும் வெற்றிமாறனும். 2014-இல் டொரண்டோ விழாவில் காட்டினார்கள். 2015-இல் தேசிய விருது வாங்கியது. அதன் பிறகு ஜூன் மாதம் ஃபாக்ஸ் ஸ்டார் என்ற பெரிய கம்பெனி வெளியிட்டது. அத்தனை பெரிய வண்டியில் ஏறி வந்ததால்தான் அந்த இரண்டு பிள்ளைகளும் உங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். வண்டி கிடைக்காத கதை ஒன்றைச் சொல்லட்டுமா? செழியனின் 'டுலெட்'. வாடகை வீடு தேடும் ஒரு குடும்பம், நம் எல்லோருக்கும் தெரிந்த கஷ்டம். 2018 ஏப்ரலில் சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது அறிவித்தார்கள். தியேட்டருக்கு வந்தது 2019 பிப்ரவரியில். நாட்டின் விருதைக் கையில் வைத்துக்கொண்டு பத்து மாதம் காத்திருந்தது அந்தக் கதை.

"ஓ.டி.டி. வந்துவிட்டது, இனி கடைக்காரர் தேவையில்லை, கதை நேராக வீட்டுக்கு வருகிறது" என்றும் ஒரு வாதம். 2020-இல் 'பொன்மகள் வந்தாள்' நேராக ஓ.டி.டி.யில் வரப்போகிறது என்று அறிவித்தபோது, இனி அந்தத் தயாரிப்பாளரின் படங்களைப் போட மாட்டோம் என்று தியேட்டர் உரிமையாளர்கள் சொன்னார்கள். படத்தை அப்போது யாரும் பார்த்திருக்கவில்லை. கோபம் கதை மேல் இல்லை; எந்தக் கடையில் முதலில் விற்பது என்பதில்தான். அடுத்த வருடம் 'மாஸ்டர்' பொங்கலுக்குத் தியேட்டரில் வந்து பதினாறே நாள் கழித்து ஓ.டி.டி.க்கு வந்தது. கடைக்காரர் ஒழியவில்லை ஐயா, இடம் மாறியிருக்கிறார். உங்கள் வீட்டு டி.வி.யில் முதலில் தெரிகிற நாலு படத்தை யார் அடுக்குகிறார்கள்? நெட்ஃப்ளிக்ஸ் ஒரே படத்துக்குப் பல முகப்புப் படங்கள் வைத்துக்கொண்டு, உங்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று ஆளுக்கேற்ப மாற்றிக் காட்டுகிறது. அவர்களே வெளிப்படையாகச் சொன்ன விஷயம் இது. கட்அவுட் வாசலிலிருந்து கூடத்துக்கு வந்திருக்கிறது.

பி.எஸ்.வினோத்ராஜின் 'கூழாங்கல்' நம் மேலூர்ப் பக்கத்துக் கரட்டு வெயிலில் எடுத்த படம். அப்பாவும் மகனும் அந்த வெயிலில் நடந்து வருகிறார்கள், அதுதான் படம். 2021-இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. அதே வருடம் இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்குப் போனது. நாம் பார்த்தது எப்போது? 2023 அக்டோபரில், சோனி லிவ்வில். தியேட்டருக்கு வரவேயில்லை. இரண்டரை வருடத்துக்கு மேல் உலகம் கொண்டாடிய நம் ஊர் வெயிலை, நம் ஊர்க்காரன் பெரிய திரையில் பார்க்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள். இரண்டே நிமிடம் கொடுங்கள். கதைதான் எல்லாம் என்ற பேச்சு கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்தப் பேச்சு ஒரு அநியாயத்தையும் செய்கிறது. ஓடாத படத்தின் இயக்குநர் ஊருக்கு வரும்போது எல்லோரும் என்ன கேட்கிறோம்? "கதை சரியில்லையோ தம்பி?" அவன் மூன்று வருடம் சோறு தண்ணீர் இல்லாமல் உழைத்திருப்பான். அவனுக்குக் கிடைத்தது காலைக் காட்சி மட்டும், வேலைக்குப் போகிற எவரும் வர முடியாத நேரம். அவனிடம் "உனக்கு எத்தனை ஷோ கொடுத்தார்கள்?" என்று கேட்பதுதான் நியாயம். அந்தக் கேள்வியை இந்த ஊர் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பக்கம் நிற்கிறேன்.

போன வருடம் ஒரு சின்னப் படத்துக்குப் போயிருந்தேன். வெள்ளிக்கிழமை, பதினொரு மணிக் காட்சி. என்னோடு சேர்த்து ஏழு பேர். பதினொன்றேகாலுக்கு ஒரு பையன் உள்ளே வந்து, "பத்துப் பேராவது இருந்தாத்தான் ஷோ போடுவோம் சார், கவுண்டர்ல காசை வாங்கிக்குங்க" என்றான். மூன்று டிக்கெட்டுக்கு நான் பணம் தருகிறேன் என்றேன். மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை; மதியம் பெரிய படத்துக்கு ஒரு ஷோ கூடுதலாகப் போடுகிறார்களாம், திரை வேண்டுமாம். கைத்தடியோடு வந்திருந்த ஒரு பெரியவர் மட்டும் எழுந்திருக்காமல் கேட்டார், "நாளைக்குப் போடுவீங்களா தம்பி?" அந்தப் பையன், "தெரியலங்கய்யா, சாயங்காலம் கேட்டுப் பாருங்க" என்றான். சாயங்காலம் நான் கேட்டேன். போஸ்டரைக் கிழித்துவிட்டு வேறு ஒட்டியிருந்தார்கள்.

அந்தப் படத்தின் கதை என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது, நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.