கேட்டால் சொல்கிறார்கள்

வணக்கம். போன வாரம் நான் அவரைக்காய் பிதுக்கக் கற்றுக்கொண்டேன், அதைச் சொல்லத்தான் முதலில் ஆசை. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து நேயர்கள் சிரிக்க வேண்டாம், உங்கள் வீட்டில் பிதுக்கம்பருப்புக் குழம்பு தலைமுறை தலைமுறையாகக் கொதிக்கிறது. நான் திருநெல்வேலிக்காரி, பெங்களூரில் இத்தனை வருஷம் இருந்தும், ஜனவரியானால் தெருவோரத்தில் மூட்டை மூட்டையாகக் குவிகிற அவரைக்காயைத் தாண்டிப் போய் பீன்ஸ் வாங்கி வந்தவள்.

இந்தத் தடவை கீழ்வீட்டு அஜ்ஜியிடம், அதாவது கன்னடப் பாட்டியிடம், "அஜ்ஜி, அப்படி என்னதான் இருக்கிறது இதில்?" என்று கேட்டுவிட்டேன். அவர் பதிலே சொல்லாமல் ஒரு காயை என் மூக்குக்கு நேரே நீட்டினார். பச்சை வாசனை, அதோடு கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு கலந்த மாதிரி ஒன்று. அதற்குப் பெயர் சொகடு, அது இல்லாத காயை அஜ்ஜி கையால் தொடமாட்டார், பெங்களூருக்குப் பக்கத்து மாகடியில் விளையும் காய்க்கு ஈடு இல்லை என்பது அவர் கட்சி. அப்புறம் பாடம் ஆரம்பித்தது. காயிலிருந்து எடுத்த கொட்டைகளைச் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஒவ்வொன்றாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து லேசாக ஒரு அமுக்கு அமுக்கினால் பருப்பு தோலை விட்டுக் குதிக்கும். நிஜமாகவே குதிக்கும், என்னுடையதில் பாதி சோபாவுக்கு அடியில் போய்விட்டது. அஜ்ஜி டிவியில் சீரியல் பார்த்துக்கொண்டே பிதுக்குகிறார், ஒன்றுகூடக் கீழே விழவில்லை! பெங்களூரில் இதற்கென்றே வருஷா வருஷம் அவரைக்காய் மேளா நடக்கிறது, அவரைக்காய் ஜிலேபி வரைக்கும் போடுகிறார்கள். ஜிலேபி பற்றி என் கருத்தை இங்கே சொல்லவில்லை.

கேட்ட ருசி விடவில்லை. இங்கே பெங்களூரிலேயே தொம்லூரில் சொக்கநாதர் கோயில் இருக்கிறதே, பெயரைப் பார்த்து சிவன் என்று நினைத்துவிடாதீர்கள், உள்ளே இருப்பவர் பெருமாள். அங்கே வாசல் நிலைக்கல்லில் ஏதோ கீறல் மாதிரி தெரிந்தது, அர்ச்சகரிடம் கேட்டேன். அவர் மொபைல் டார்ச்சைக் கல்லுக்கு நேரே காட்டாமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார், பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. தமிழ்! புள்ளி கிடையாது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடுகிறது, நான் தட்டுத் தடுமாறி ஒரு க, ஒரு ர என்று பொறுக்கினேன், அதற்கே உடம்பு சிலிர்த்தது.

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தால், 13ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கத்தை ஆண்டவர்களில் ஒருவர் போசள, அதாவது ஹொய்சள, மன்னர் ராமநாதன், சமயபுரத்துக்குப் பக்கத்துக் கண்ணனூரில் இருந்து ஆட்சி செய்தவர், பாண்டியர் கை ஓங்கிய பிறகு ஓசூர் பக்கம் குந்தாணிக்கு வந்துவிட்டார். அவருக்கு முன்னால் கோலார் வட்டாரம் சோழர் கையில் இருந்தது. அப்படியிருக்க இங்கே கல்லில் தமிழ் இருப்பதில் ஆச்சரியம் என்ன? ஊரின் பழைய பெயரும் அந்தக் கல்வெட்டுகளிலேயே இருக்கிறது, தொம்பலூர் என்கிறார்கள், தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் உண்டு. ஐடி கம்பெனி பஸ்ஸில் அந்த மேம்பாலத்தைத் தாண்டுகிற நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்க வாய் வருகிறது, ஆனால் போன மாதம் வரை எனக்கே தெரியாது.

லால்பாக் பாறையில் சாயங்காலம் உட்கார்ந்ததையும் சொல்ல வேண்டும். சுமார் 300 கோடி வருஷத்துப் பாறை, நிலவியல் நினைவுச் சின்னம் என்று பலகை வைத்திருக்கிறார்கள், நம் ஜனங்கள் அதன்மேல் கடலை கொறிக்கிறார்கள். நானும்தான். குனிந்து பார்த்தால் வெளுப்பும் கறுப்புமாக வரி வரியாக ஓடுகிறது, வெயில் இறங்கியும் கல்லில் சூடு இருக்கிறது.

அடுத்து பேகூர் போகலாம் என்றிருக்கிறேன். அங்கே நாகேஸ்வரர் கோயிலில் கி.பி. 890 வாக்கில் வெட்டிய ஒரு கன்னடக் கல்வெட்டில் பெங்களூர் என்ற பெயர் வருகிறது, பெங்களூரில் நடந்த ஒரு சண்டையைப் பற்றி. கெம்பே கவுடர் பெங்களூர்க் கோட்டையைக் கட்டுவதற்கு 600 வருஷத்துக்கு மேல் முந்தியது. சரி, அல்சூரிலிருந்து அங்கே போக நேர் பஸ் இருக்கிறதா? தெரிந்தவர்கள் வானொலி நிலையத்துக்கு ஒரு கார்டு போட்டுச் சொல்லுங்கள்.