அரசன் செய்ததும் ஊர் சொன்னதும்

நேயர்களுக்கு வணக்கம்.

சரித்திரக் கதை எழுத விரும்பும் இளையவர்கள் அடிக்கடி கேட்பார்கள்: உண்மையில் வாழ்ந்த ஒருவரை வைத்து எவ்வளவு தூரம் கற்பனை செய்யலாம்? கண்டியின் கடைசி அரசரை வைத்தே இதைப் பேசலாம்.

கண்ணுசாமி என்ற ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் 1798இல் அரியணை ஏறினார். 1815 பெப்ரவரி 18ஆம் திகதி பிடிபட்டார். கொழும்பில் காவலில் இருந்தார். 1816 ஜனவரியில் இங்கிருந்துதான் அவரைக் கப்பலேற்றினார்கள். 1832இல் வேலூரில் காலமானார். இதில் எதையும் மாற்ற எழுத்தாளருக்கு உரிமை இல்லை என்பதே என் கட்சி.

சிக்கல் 1814இல் இருக்கிறது. அரசரின் முதன்மை அமைச்சரான எஹலேபொல அதிகாரம் ஆங்கிலேயர் பக்கம் போனதும் அவருடைய குடும்பத்தைக் கண்டியில் கொன்றார்கள். பிள்ளைகளின் தலைகளை உரலிலிட்டு இடிக்கும்படி தாயையே வற்புறுத்தினார்கள் என்ற கதையைச் சின்ன வயதிலேயே கேட்டு நடுங்கியவர்கள் நாம். 1821இல் அதைப் புத்தகத்தில் எழுதிய ஜோன் டேவி என்ற மருத்துவர் இலங்கைக்கு வந்ததே 1816இல்தான். அவர் எழுதியது கேள்விப்பட்டதை. அரசரைக் கொடியவராகக் காட்டவேண்டிய தேவையும் அன்றைய ஆங்கிலேய ஆட்சிக்கு இருந்தது. அதற்காக, நடந்த கொலைகளை இல்லையென்று சொல்ல முடியாது.

சரி, நாவலாசிரியர் என்ன செய்வது? “அரசர் அதைப் பார்த்துச் சிரித்தார்” என்று ஒரே ஒரு வரி எழுதினாலும் அது பொய்ச்சாட்சி. கொஞ்ச நாள் போனால் வாசகர் அதைப் பாடப்புத்தகத்தில் படித்ததாகவே நினைப்பார். செத்தவர் வந்து மறுக்கப்போவதில்லை.

கற்பனைப் பாத்திரத்தின் அருமை இங்கேதான் தெரிகிறது. 1815இல் கொழும்புப் புறக்கோட்டைக் கடைத்தெருவில் ஒரு தமிழ்ப் புடவை வியாபாரியை உட்கார வையுங்கள். மலைநாட்டிலிருந்து வந்தவன் உரல் கதையைச் சொல்லட்டும். வியாபாரி நம்பட்டும். அவர் மனைவி, “நீங்கள் கண்டீர்களா?” என்று கேட்கட்டும். அந்தக் கதை ஊருக்குள் எப்படிப் பரவியிருக்கும் என்பது வாசகருக்குப் புரியும். அரசர்மேல் நீங்களாக ஒரு பழியும் ஏற்றவில்லை. அந்த வியாபாரி தப்பாக நினைக்கலாம், மனம் மாறலாம், அழலாம். ஆனால் அரசரை இரவோடிரவாகத் தப்பவைக்க மட்டும் அவருக்கு அனுமதி இல்லை. கப்பல் போயே ஆகவேண்டும்.

அப்புறம், அரசரைப் பேசவைக்க வேண்டுமானால் அதற்கும் வழி உண்டு. கப்பலில் கூடப்போன வில்லியம் கிரான்வில் என்ற அதிகாரி அவரோடு பேசியதையெல்லாம் நாட்குறிப்பாக எழுதிவைத்தார். காவல்காரர் எழுதியது என்பதை மறக்காமல் அதைத் தேடிப் படியுங்கள். உங்கள் நூலின் கடைசிப் பக்கத்தில், யார் யார் வாழ்ந்தவர்கள், யார் யார் நீங்கள் படைத்தவர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.