சுருக்குப் பையைக் காணோம்

நேயர்களுக்கு வணக்கம். மாமியாருக்கு மறதி நோய் தொடங்கியிருக்கும். ஒருநாள் சுருக்குப் பையைக் காணோம் என்பார். "நீதான்டி எடுத்தே" என்று மருமகளைக் கைகாட்டுவார். காலைக் காபியிலிருந்து இரவு மாத்திரை வரை கொடுப்பவள் அவள். பழியும் அவள் மேலேயே விழும். டாக்டரிடம்கூடச் சொல்லக் கூசுகிற இந்தத் திருட்டுப் பழியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

அல்சைமர் என்ற மறதி நோயில் பெரும்பாலும் முதலில் அடிபடுவது மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதி. புது நினைவுகள் பதிவாக அதுதான் வேண்டும். பையைத் தலையணை உறைக்குள் செருகியது அந்த அம்மாதான். ஆனால் செருகியது மனதில் பதியவே இல்லை. வழக்கமான இடத்தில் பை இல்லை, தான் எடுத்த ஞாபகமும் இல்லை. அப்படியென்றால் யாரோ எடுத்திருக்க வேண்டும். அவருடைய கணக்கு அவருக்குச் சரி. நாள் முழுக்கக் கண்ணில் படுகிறவர் மேல் சந்தேகம் போகிறது.

"நான் எடுக்கலை, நீங்கதான் எங்கேயோ வச்சிருப்பீங்க" என்று வாதாடினால் சண்டைதான் வளரும். "காணோமா? வாங்க அத்தை, தேடுவோம்" என்று கூடவே தேடுங்கள். பை இருக்கும் இடம் தெரிந்தாலும் அவர் கையாலேயே எடுக்க விடுங்கள். நீங்கள் எடுத்து நீட்டினால், "பாத்தியா, நீதான் ஒளிச்சு வச்சே" என்பார்! ஒளிக்கும் இடங்கள் திரும்பத் திரும்ப அதேதான்: தலையணை உறை, புடவை மடிப்பு, அரிசி டப்பா, சாமி படத்துக்குப் பின்னால். குப்பையைக் கொட்டுமுன் கிளறிப் பாருங்கள். அதே துணியில் இன்னொரு பை தைத்து, சில பத்து ரூபாய் நோட்டுகளோடு தயாராக வையுங்கள். தங்கச் சங்கிலி லாக்கருக்குப் போகட்டும். கழுத்துக்குக் கவரிங் போதும். லாக்கருக்குப் போகும் நகைகளின் பட்டியலும் போட்டோவும் அன்றே எல்லாப் பிள்ளைகளுக்கும் போய்விட வேண்டும்.

ஏனென்றால் அந்தத் திருட்டுப் பழியை வெளியூர்ப் பிள்ளைகள் நம்பிவிடக்கூடும். அவர்கள் வந்தால் அம்மா வேறு ஆளாகிவிடுவார். உபசரிப்பும் பேச்சும் பழைய பழக்கம். சில மணி நேரம் அது தாக்குப்பிடிக்கும். "அம்மா நல்லாத்தானே இருக்காங்க" என்று அவர்கள் கிளம்பிவிடுவார்கள். விளக்கிச் சொல்லிப் பயனில்லை. அம்மாவோடு ஒரு வாரம், இரவும் சேர்த்து, அவர்களை இருக்கச் சொல்லிவிட்டு மருமகள் தாய் வீட்டுக்குப் போய்வரட்டும்.

ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. இரண்டு மூன்று நாளில் சந்தேகமும் குழப்பமும் திடீரென்று ஏறினாலோ, பகலெல்லாம் தூங்கி வழிந்தாலோ, நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய தூக்க மாத்திரை அல்லது அலர்ஜி மாத்திரை காரணமாக இருக்கலாம். மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு உடனே டாக்டரிடம் போங்கள். காது சரியாகக் கேட்காவிட்டாலும் சந்தேகம் கூடும். அடுத்த அறையில் பேசுவதெல்லாம் தன்னைப் பற்றியே என்று தோன்றும்.

பவர் பத்திரம் எழுதி வாங்கிவிட்டோம், கவலையில்லை என்று இருப்பவர்கள் உண்டு. எழுதிக் கொடுத்தவர் புரிந்து முடிவெடுக்கும் திறனை இழந்துவிட்டால், இந்திய ஒப்பந்தச் சட்டப்படி அந்தப் பவர் முடிந்துபோகும். கூட்டுக் கணக்கோ உயிலோ, அவர் தெளிவாக இருக்கும்போதே, அவர் விருப்பப்படி, டாக்டர் சான்றோடு முடித்துவிடுங்கள். முதியோர் உதவிக்கு 14567. பழி கேட்டுக் கேட்டுத் தூக்கம் கெட்டுப்போன மருமகள்களுக்கும் மகள்களுக்கும் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. நடு இரவிலும் கூப்பிடலாம்.