ஒரு வரிக்காக நின்றவர்

அனைவருக்கும் வணக்கம். 1971 ஜனவரி 12 அன்று இரவு, அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனம் கூடுதலாகத் தொலைபேசி ஊழியர்களை உட்கார வைத்திருந்தது. புது நகைச்சுவைத் தொடர் ஒன்று தொடங்குகிறது. பார்க்கிறவர்கள் கொதித்துப்போய்த் திட்டுவார்கள் என்ற பயம். பயந்த அளவுக்கு அழைப்புகள் வரவில்லை. 'ஆல் இன் த ஃபேமிலி' என்ற அந்தத் தொடரைத் தயாரித்த நார்மன் லியரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

லியர் அடிப்படையில் எழுத்தாளர். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தில் 52 முறை பறந்துவிட்டு வந்தவர். 1950களில் டீன் மார்ட்டின், ஜெர்ரி லூயிஸ் ஜோடிக்குத் தொலைக்காட்சியில் நகைச்சுவைக் காட்சிகள் எழுதினார். அப்புறம் சினிமா. 1967இல் வந்த 'டிவோர்ஸ் அமெரிக்கன் ஸ்டைல்' படத்தின் திரைக்கதைக்கு ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது.

அந்தக் காலத்தில் பிரிட்டனில் ஒரு தொடர் ஓடிக்கொண்டிருந்தது. மாமனாரும் மருமகனும் ஒரே வீட்டில் ஓயாமல் அரசியல் சண்டை போடுவார்கள். அதைக் கேள்விப்பட்டதும் லியருக்குத் தன் அப்பா ஞாபகம் வந்தார். அம்மாவை 'வாயை அடக்கு' என்று அதட்டுகிற அப்பா. அந்த அதட்டலை அப்படியே எடுத்து, 'ஆல் இன் த ஃபேமிலி'யின் நாயகன் ஆர்ச்சி பங்கரின் வாயில் வைத்தார். நியூயார்க்கில் வாழும் தொழிலாளி ஆர்ச்சி. மனம் நிறைய இன வெறுப்பு. ஏபிசி என்ற இன்னொரு தொலைக்காட்சி நிறுவனம் இரண்டு முறை மாதிரிப் படம் எடுக்கவைத்து, இரண்டு முறையும் வேண்டாம் என்றது.

சரி, சிபிஎஸ் எடுத்துக்கொண்டது. முதல் பகுதியில் ஆர்ச்சியும் மனைவியும் தேவாலயத்திலிருந்து சீக்கிரமே திரும்பிவிடுகிறார்கள். மகளும் மருமகனும் தனிமையில் இருந்தது தெரிகிறது. 'ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று பத்துக்கா!' என்று ஆர்ச்சி முகம் சுளிக்கிறார். இந்த ஒரு வரியை வெட்டச் சொன்னார்கள். வெட்டினால் நான் விலகிவிடுகிறேன் என்றார் லியர். வரி அப்படியே ஒளிபரப்பானது. அவர் எழுத்தாளர் மட்டுமாக இருந்திருந்தால், அவரிடம் கேட்டிருக்கவே மாட்டார்கள், வெட்டிவிட்டுத்தான் சொல்லியிருப்பார்கள். எழுதுகிறவர் தயாரிப்பாளர் ஆவதில் நான் பெரிதாக நினைப்பது இதைத்தான்.

தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அந்தத் தொடர் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. 1972 நவம்பரில், லியரின் இன்னொரு தொடரான 'மோட்' கருக்கலைப்பைப் பற்றிப் பேசியது. அது பெண்ணின் உரிமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

ஒன்றை மறைக்க எனக்கு மனமில்லை. 1974இல் லியரின் 'குட் டைம்ஸ்' வந்தது, ஒரு கறுப்பினக் குடும்பத்தின் கதை. மூத்த மகன் பாத்திரம் வரவரக் கோமாளியாகிக்கொண்டே போனது. பெற்றோராக நடித்த எஸ்தர் ரோலும் ஜான் ஏமோஸும் எதிர்த்தார்கள். 1976இல் ஏமோஸ் நீக்கப்பட்டார். ஒரு வரிக்காக வேலையையே விடத் துணிந்தவர், தன் நடிகர் அதே மாதிரி நின்றபோது மேசையின் மறுபக்கத்தில் இருந்தார். அவரை இவ்வளவு நேசிக்கிற எனக்கு இது இன்னும் உறுத்துகிறது.

2017இல், லியருக்கு 94 வயது. அவருடைய பழைய தொடர் 'ஒன் டே அட் எ டைம்' ஒரு கியூப அமெரிக்கக் குடும்பத்தின் கதையாக மறுபடி வந்தது. அவரும் தயாரிப்பாளர்களில் ஒருவர். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான குளோரியா கால்டெரோன் கெல்லெட், தன் சொந்தக் கியூபக் குடும்பத்திலிருந்தே அந்த வீட்டை எழுதினார், லியர் தன் அப்பாவிடமிருந்து ஆர்ச்சியை எடுத்ததைப் போல.