மாதுளை சோடாவில் மிதக்கும் மாம்பழக் கட்டி: தீபாவளிக் கூட்டத்துக்கு ஒரு பொங்கும் பானம்

[காட்சி: சமையல் மேடை. பச்சை நிற கோலி சோடா பாட்டில். கட்டைவிரல் கோலியை அழுத்துகிறது. "டப்!"]

வணக்கம். இந்த சத்தம் இருக்கே, இதுக்காகத்தான் இன்னிக்கு வீடியோவே.

காவேரிப்பட்டணத்துல எங்க வீட்டுக்கு தீபாவளியன்னிக்கு எப்படியும் பத்து பேர் வந்துடுவாங்க. அதிரசம், சுழியம், முறுக்குன்னு வர்ற தட்டு எல்லாமே எண்ணெய்ச் சட்டியில இருந்து வர்றதுதான். அதுக்கு நடுவுல குடிக்க என்ன கொடுக்கிறது? காபி கொடுத்தா மத்தியானம் சாப்பாடு இறங்காது. கடையில கலர் வாங்கி ஊத்திக் கொடுத்தா எங்க அத்தை, "இதுக்கு நீ தண்ணியே கொடுத்திருக்கலாம் கண்ணு"ம்பாங்க.

அதனால நாமளே ஒண்ணு செய்யப் போறோம். பழச்சாறு, மசாலா போட்ட வெல்லப்பாகு, மேல சோடா. இப்படிப் பல பானத்தைக் கலக்குறதை காக்டெயில்னு சொல்வாங்க. பேரைக் கேட்டுப் பயப்படாதீங்க, இதுல மது கிடையாது. இந்த மாதிரி பானம் வெளிநாட்டுல இலையுதிர் காலத்துல பிரபலம். அமெரிக்காவுல நவம்பர் மாசம் நாலாவது வியாழக்கிழமை நன்றி தெரிவிக்கும் நாள் வரும். அதுல ஆரம்பிச்சு புத்தாண்டு வரைக்கும் வீட்டுக்கு வீடு விருந்து. ஆப்பிள் சாறு, கிரான்பெரிங்கிற புளிப்புப் பழம், பட்டை, அதுக்கு மேல ஸ்பார்க்ளிங் ஒயின், அதான் குமிழி விடுற ஒயின், ஊத்துவாங்க. அவங்களுக்கு அந்த சீசன்ல கிடைக்கிறது அது. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில என்ன கிடைக்குதோ அதை எடுத்துக்குவோம்.

[காட்சி: தட்டில் மாதுளை, கொய்யா, எலுமிச்சை, ஒரு உருண்டை வெல்லம், இஞ்சி, பட்டை. ஓரமாக ஃப்ரீசரில் இருந்து எடுத்த ஐஸ் தட்டு, அதில் மஞ்சளாக ஏதோ உறைந்திருக்கிறது.]

அந்த மஞ்சள் கட்டி என்னன்னு அப்புறம் சொல்றேன். முதல்ல ஒரு பழைய கதை.

நாலு வருஷம் முன்னாடி, இதே மேடை. நான் ரொம்ப சாமர்த்தியமா, சோடாவை முதல்ல ஜக்குல ஊத்திட்டு, அதுக்கு மேல உப்பும் சர்க்கரையும் கொட்டி, கரண்டியைப் போட்டு ஒரு சுத்து சுத்தினேன். பொங்குச்சு பாருங்க! பால் பொங்குற மாதிரி எழும்பி, மேடை வழியா வழிஞ்சு, பக்கத்துல நின்ன மாமாவோட புது பட்டு வேட்டியில இறங்கிடுச்சு. ஜக்குல மிச்சம் இருந்தது வெறும் இனிப்புத் தண்ணி.

ஏன் அப்படி ஆச்சு? சோடான்னா தண்ணிக்குள்ள கார்பன் டை ஆக்சைடு வாயுவை அழுத்தி ஏத்தி வெச்சது. மூடியைத் திறந்ததும் அந்த வாயு வெளிய வரத்தான் பார்க்கும். ஆனா குமிழி உருவாக அதுக்கு ஒரு பிடிமானம் வேணும். சொரசொரப்பான இடம், சின்னக் காத்துப் பொட்டு, ஏதாவது ஒண்ணு. உப்புக்கல், சர்க்கரைக்கல், பழ நார் எல்லாமே அதுக்கு ஆயிரம் வாசல் திறந்து விட்ட மாதிரி. ஒரே நேரத்துல மொத்த வாயுவும் ஓடிடும். கண்ணாடி டம்ளர்ல சோடாவை ஊத்தி ஒரு சிட்டிகை உப்பு போட்டுப் பாருங்க, புரியும். பெட்டிக்கடையில எலுமிச்சை சோடா போடுறவரைக் கவனிச்சிருக்கீங்களா? உப்பையும் சாறையும் முதல்ல டம்ளர்ல போட்டுக் கலக்கிட்டு, கடைசியிலதான் கோலியை உடைப்பார். நமக்கும் அதே முறைதான்.

[காட்சி: அடுப்பில் சின்னப் பாத்திரம். வெல்லம் கரைகிறது.]

முதல்ல பாகு. வெல்லம் 200 கிராம், தண்ணி 150 மில்லி. தருமபுரி, பாலக்கோடு பக்கம் கரும்பு நிறைய, அதனால நல்ல வெல்லத்துக்கு நமக்குப் பஞ்சமில்லை. ரொம்பக் கருப்பா இருக்கிறது வேண்டாம், பொன்னிறமா இருக்கிற உருண்டையா எடுங்க. கரைஞ்சதும் ஒரு தடவை வடிகட்டுங்க. எவ்வளவு நல்ல வெல்லமா இருந்தாலும் அடியில மண் நிக்கும், பாருங்க.

வடிகட்டினதைத் திரும்ப அடுப்புல வெச்சு, ஒரு விரல் நீளம் பட்டை, ஒரு அங்குலம் இஞ்சி தட்டினது, கிராம்பு 3, ஒரு சிட்டிகை உப்பு. சின்னத் தீயில 7, 8 நிமிஷம். கம்பிப் பதம் எல்லாம் வேண்டாம், அதிரசத்துக்கு ஒண்ணும் நாம பாகு காய்ச்சலை. கரண்டியில இருந்து எண்ணெய் மாதிரி வழிஞ்சா போதும். மூடி வெச்சு ஆற விடுங்க. ஆற ஆறத்தான் பட்டை வாசனை இறங்கும். இதை முந்தின நாள் ராத்திரியே செஞ்சுடுங்க. தீபாவளி காலையில அடுப்பு உங்களுக்குக் கிடைக்காது.

[காட்சி: மாதுளையின் தலைப்பகுதியை வட்டமாகச் சீவி எடுக்கும் கத்தி. மிக அருகில்.]

இப்ப மாதுளை. இங்க சந்தையில வர்ற சிவப்பு மாதுளை பெரும்பாலும் மகாராஷ்டிராவுல விளையுற பகவா ரகம். நடுத்தர அளவுல 6 பழம் எடுத்தா ஏறக்குறைய 600 மில்லி சாறு வரும்.

குறுக்கால வெட்டாதீங்க, பாதி சாறு பலகைக்குத்தான் போகும். தலையை மட்டும் வட்டமா சீவிடுங்க. உள்ள வெள்ளையா அறை அறையா கோடு தெரியுதா? அந்தக் கோடு மேல, தோல்ல மட்டும் லேசா கீறி விட்டுப் பிரிச்சா பூ மாதிரி விரியும். முத்து முத்தா உதிர்த்துக்கலாம். நடுவுல இருக்கிற மஞ்சள் சவ்வு ஒரு துண்டு கூட சேரக்கூடாது, துவர்க்கும்.

மிக்ஸியில போட்டு ஓட விடாதீங்க. திருகைப் பல்ஸ் பக்கம் திருப்பி, விட்டு விட்டு மூணு நாலு தடவை. முத்து உடைஞ்சா போதும், உள்ள இருக்கிற விதை அரைபடக் கூடாது. அரைபட்டா சாறு கலங்கி, நாக்குல கசப்பா ஒட்டும். மெல்லிய வெள்ளைத் துணியில வடிகட்டுங்க, போட்டுப் பிழியாம தானா இறங்க விடுங்க. சாறு தெளிவா இருந்தாத்தான் சோடா ஊத்தும்போது நுரை அடங்கும். ஒரு துளி நார் கூட அந்த ஆயிரம் வாசல்ல ஒண்ணு.

[காட்சி: ஜக்கில் மாதுளைச் சாறு. பாகு 200 மில்லி ஊற்றப்படுகிறது. நிறம் மங்குகிறது.]

பாகை ஊத்தினதும் நிறம் கொஞ்சம் பழுப்பா மங்கிடுச்சா? பதறாதீங்க. 4 எலுமிச்சை, 100 மில்லி சாறு, இப்ப ஊத்துறேன். பாருங்க... திரும்ப சிவப்பு ஏறுது. மாதுளைக்கு நிறம் கொடுக்கிறது ஆந்தோசயனின்னு ஒரு நிறமி. புளிப்பு கூடினா அது பளிச்சுனு சிவக்கும், புளிப்பு குறைஞ்சா மங்கி நீலத்துப் பக்கம் சாயும்.

ஒரு ஸ்பூன் எடுத்து ருசி பாருங்க. "ஐயோ, ரொம்ப இனிப்பா இருக்கே"ன்னு தோணணும். தோணலைன்னா பாகு இன்னும் கொஞ்சம் ஊத்துங்க. இதுக்கு மேல சோடா சேரும், அதோட ஜில்லுனு குடிக்கும்போது நாக்குக்கு இனிப்பு குறைவாத்தான் தெரியும். சோடாவுக்குன்னு ஒரு புளிப்பும் உண்டு. சாறாக் குடிக்கிறப்ப அளவா இருக்கிற இனிப்பு, டம்ளர்ல சப்புனு ஆகிடும். வெளிய பலர் கோட்டை விடுறது இங்கதான்.

இந்தக் கலவையும் சோடா பாட்டிலும் குறைஞ்சது 4 மணி நேரம் ஃப்ரிட்ஜுல இருக்கணும். இதை நான் அழுத்திச் சொல்றேன், காரணம் இருக்கு. சாதாரணக் காத்தழுத்தத்துல, உறைநிலைக்குப் பக்கத்துல இருக்கிற 1 லிட்டர் தண்ணி சுமார் 1.7 லிட்டர் கார்பன் டை ஆக்சைடைப் பிடிச்சு வெச்சுக்கும். 20 டிகிரியில அது பாதி ஆகிடும், சுமார் 0.9 லிட்டர்தான். வெதுவெதுப்பான சோடாவைத் திறந்தா புஸ்ஸுனு போறது இதனாலதான்.

[காட்சி: ஐஸ் தட்டு. மஞ்சள் கட்டிகள் மேலே பனி பூத்திருக்கின்றன.]

சரி, மஞ்சள் கட்டி. இது மாம்பழக் கூழ். ஐப்பசியில மாம்பழம் ஏதுன்னு கேட்பீங்க. நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துல சீசன் சித்திரையில சூடு பிடிச்சு ஆடியோட ஓயும். அப்ப பெங்களூரா, அதான் கிளிமூக்கு, லாரி லாரியா கூழ் ஆலைக்குப் போகும். நான் ஆனி மாசத்துல நாலு கிலோ செந்தூரா வாங்கி அரைச்சு, ஐஸ் தட்டுல ஊத்தி உறைய வெச்சேன். நீங்க அப்படி செய்யலைன்னா கடையில டின் கூழ் கிடைக்கும், அதே ருசிதான் வரும். டின்னைத் திறந்துட்டா மிச்சத்தை டின்லயே விட்டு வைக்காதீங்க, கண்ணாடி டப்பாவுக்கு மாத்துங்க. நடுவுல கரன்ட் போய் முழுசா உருகிட்டா திரும்ப உறைய வைக்காதீங்க, அன்னிக்கே மில்க் ஷேக் போட்டுக் குடிச்சிடுங்க.

கூழை நேரா சோடாவுல கலக்கிப் பார்த்தேன். நுரை ஒரு முழம், அடியில சேறு. கட்டியா போட்டா அந்தத் தொல்லை குறைவு. சாதா ஐஸ் உருகினா பானம் நீர்த்துப் போகும், இது உருக உருக ருசி கூடுது. இனிப்பு இருக்கிறதால இது கல்லு மாதிரி உறையாது, கை சூட்டுக்கே வழுக்கும். அதனால பரிமாறுற நிமிஷம்தான் வெளிய எடுக்கணும்.

[காட்சி: கண்ணாடி டம்ளரின் விளிம்பில் எலுமிச்சைத் துண்டு தேய்க்கப்படுகிறது. தட்டில் உப்பு, மிளகாய்த்தூள்.]

பஸ் ஸ்டாண்டுல கொய்யாவைக் கீறி, உப்பு மிளகாய்த்தூள் தடவிக் கொடுப்பாங்களே, அது ஞாபகத்துக்கு. விளிம்புல வெளிப்பக்கம் மட்டும் எலுமிச்சையைத் தேய்ச்சு, உப்பு-மிளகாய்த்தூள்ல உருட்டுங்க. உள்பக்கம் ஒட்டினா உப்பு சோடாவுல விழும், அப்புறம் என்ன ஆகும்னு மாமாவோட வேட்டியைக் கேளுங்க.

இப்ப 300 மில்லி டம்ளர். முதல்ல மாம்பழக் கட்டி 2. அதுக்கு மேல கலவை 90 மில்லி. சோடா பாட்டிலை மெதுவா திறந்து, டம்ளரைச் சாய்ச்சுப் பிடிச்சு, ஓரமா வழிய விட்டு 120 மில்லி. பாதியில ஒரு தடவை நிறுத்துங்க, நுரை இறங்கட்டும், அப்புறம் மிச்சம். கரண்டியை அடி வரைக்கும் விட்டு ஒரே ஒரு தடவை மேல தூக்குங்க, அவ்வளவுதான், சுத்தக் கூடாது. கொய்யாத் துண்டு ஒண்ணு விளிம்புல. பத்து டம்ளருக்கு 750 மில்லி சோடா பாட்டில் 2 போதும், கொஞ்சம் மிஞ்சும்.

[காட்சி: டம்ளர் மிக அருகில். சிவப்புக்குள் மஞ்சள் கட்டி. அதன் மேல் முத்து முத்தாகக் குமிழி ஒட்டி, கட்டி லேசாகச் சுழல்கிறது.]

இதை ஒரு நிமிஷம் பேசாம பாருங்க.

...

குமிழி ஒரு பக்கம் சேர்ந்ததும் கட்டி புரளுது. குழந்தைகளுக்கு இது ஒண்ணு போதும்.

கோலி சோடாவுலயே செய்யலாமான்னு கேட்டா, தாராளமா. அந்த பாட்டிலை 1872-ல ஹைரம் காட்னு ஒரு ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கினார். உள்ள இருக்கிற வாயுவே கோலியை ரப்பர் வளையத்தோட அழுத்தி அடைச்சுக்கும், தனியா மூடியே வேண்டாம். தண்ணியில வாயுவைக் கலந்து பார்த்தது அதுக்கும் முன்னாடி, 1767-ல, ஜோசப் பிரீஸ்ட்லி. இங்கிலாந்துல லீட்ஸ் நகரத்து மது ஆலையில, நொதிக்கிற தொட்டிக்கு மேல நிக்கிற வாயுவுல அவர் செஞ்ச சோதனை அது. ஆனா கூட்டத்துக்குப் பெரிய பாட்டில்தான் வசதி. பன்னீர் சோடா மட்டும் வேண்டாம், ரோஜா வாசனை பட்டையோட சண்டை போடுது.

[காட்சி: கூடம். அத்தை டம்ளரை வாங்கி ஒரு வாய் குடிக்கிறார்.]

"எப்படி இருக்கு அத்தை?"

"மேல காரம், உள்ள புளிப்பு, அப்புறம் நம்ம மாம்பழம். இதுக்குப் பேர் என்ன கண்ணு?"

"இன்னும் வைக்கலை அத்தை."

"எனக்கு சர்க்கரை இருக்குன்னு தெரிஞ்சேதானே கொடுத்த?"

நியாயமான கேள்வி. மாதுளையிலயே சர்க்கரை இருக்கு, வெல்லமும் சர்க்கரைதான், அதனால இதுக்குக் குறுக்கு வழி கிடையாது. சர்க்கரை நோய் இருக்கிறவங்களுக்கு எலுமிச்சை, இஞ்சிச் சாறு, உப்பு, நாலு மாதுளை முத்து, மேல சோடா. அத்தைக்கு ஒரு வாய்க்கு அப்புறம் அதைத்தான் மாத்திக் கொடுத்தேன்.

தொட்டுக்க எங்க ஊர் நிப்பட்டு, அதான் தட்டை மாதிரி. அந்த மொறுமொறுப்புக்கும் காரத்துக்கும் இந்தப் புளிப்பு சரியா உட்காருது. டிசம்பர்ல எலத்தகிரியில இருக்கிற தோழி வீட்டு கிறிஸ்துமஸுக்கும் இதைத்தான் எடுத்துட்டுப் போகப் போறேன். கலவையை பாட்டில்ல ஊத்தி, சோடாவைத் தனியா. கலந்து எடுத்துட்டுப் போனா பர்கூர் ரோட்டு குலுக்கல்ல மூடி பறந்துடும்.

கலவை மிஞ்சினா ஃப்ரிட்ஜுல 2 நாள் இருக்கும். டம்ளர்ல மிஞ்சாது. குடிச்சு முடிச்சதும் அடியில மாம்பழக் கூழ் கொஞ்சம் ஒட்டியிருக்கும், அதுக்கு மறக்காம ஆளுக்கொரு சின்ன ஸ்பூன் கொடுத்துடுங்க. எங்க வீட்டுல விரலைத்தான் விட்டாங்க.