கல்லை அரைச்சா மட்டும் நீலம் வராது: லாபிஸ் லசூலியில இருந்து அல்ட்ராமரீன்

வணக்கம் மக்களே. இந்தக் கல்லைக் கேமராகிட்ட கொண்டு வர்றேன், நல்லா பாருங்க. ஆழமான நீலம், நடுவுல வெள்ளை நரம்பு, அங்கங்க தங்கத்தூள் தூவின மாதிரி மினுக்கு. இதுதான் லாபிஸ் லசூலி. மினுக்குறது தங்கம் இல்ல, பைரைட். இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. வெள்ளை நரம்பு கால்சைட். நமக்கு வேண்டிய நீலம் லசூரைட்ங்கிற கனிமத்துல மட்டும்தான் இருக்கு.

இடைக்கால ஐரோப்பிய ஓவியருக்கு இது வந்தது ஆப்கானிஸ்தான்ல பதக்‌ஷான் மலைப்பக்கம் இருக்கிற சார்-இ-சங் சுரங்கத்துல இருந்து. வெனிஸ் வழியா வந்த சரக்கு. இந்தக் கல்லுல இருந்து எடுக்குற நீல வண்ணப்பொடிக்கு, 'கடலுக்கு அப்பால இருந்து வந்தது'னு அர்த்தம் வர்ற பேருதான் அல்ட்ராமரீன்.

இதை அரைச்சுப் பார்த்தீங்கன்னா ஏமாந்துடுவீங்க. கிடைக்கிறது மங்கின சாம்பல் நிறத் தூள். அசூரைட்னு இன்னொரு நீலக் கல் இருக்கு, செம்புக் கனிமம். அதை அரைச்சுத் தண்ணியில கலக்கித் தெளிய வெச்சாலே ஓரளவு சுத்தமாயிடும். இங்க அது நடக்காது. லசூரைட்டோட அடர்த்தி சுமார் 2.4, கால்சைட் 2.7. ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணாவே அடியில உட்காரும். அதனாலதான் மாவு பிசையுற முறை வந்துச்சு. இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி 1400 வாக்குல எழுதிவெச்ச அளவுலயே சொல்றேன்.

முதல்ல கல்லை மூடி போட்ட வெண்கல உரல்ல இடிக்கணும். மூடி எதுக்குன்னா, தூள் பறந்தா காசு பறக்குது. நீங்க முகமூடியும் போட்டுக்கோங்க. ஜெர்மனியில டால்ஹைம் மடத்துல புதைச்ச ஒரு பெண்ணோட பல் காரையில லாபிஸ் துகள் இருந்ததா 2019ல ஆய்வு வந்துச்சு. கிட்டத்தட்ட ஆயிரம் வருஷம் பழைய பல். தூரிகை முனையை நாக்குல ஈரம் பண்ணியிருக்கலாம், இல்ல இந்தத் தூள் வாயில போயிருக்கலாம்.

அப்புறம் வழுவழுப்பான கருங்கல்லுல தண்ணி விடாம அரைச்சு, வஸ்திரகாயம் பண்ணணும், அதாவது துணியில சலிக்கணும். ரொம்ப மைய அரைச்சா நீலம் வெளுத்துடும். துகள் சின்னதாக ஆக நிறம் வெளிறும்.

100 கிராம் தூளுக்கு 50 கிராம் பைன் பிசின், 25 கிராம் மஸ்தகிங்கிற மரப்பிசின், 25 கிராம் தேன்மெழுகு. நாட்டு மருந்துக் கடையில ரூமி மஸ்தகின்னு கேட்டா கிடைக்கும். மூணையும் உருக்கி, துணியில வடிகட்டி, தூளைக் கொட்டிக் கலக்குங்க. கையில ஆளிவிதை எண்ணெய் தடவிக்கிட்டு சப்பாத்தி மாவு மாதிரி பிசையணும். குறைஞ்சது மூணு நாள் வெச்சிருந்து தினமும் பிசையணும். இந்த இடத்துல அவசரப்பட்டுத்தான் நிறைய பேர் கெடுத்துக்கிறாங்க. துகள் ஒவ்வொண்ணும் மெழுகுல நனையலைன்னா, அடுத்த கட்டத்துல நீலத்தோட வெள்ளையும் சேர்ந்தே வெளிய வந்துடும்.

அடுத்தது காரநீர். விறகுச் சாம்பலைத் தண்ணியில கரைச்சு, ராத்திரி தெளிய விட்டு, மேலாக வடிச்ச நீர். விரல்ல தொட்டா லேசா வழுக்கணும். கை பொறுக்குற சூட்டுல கிண்ணத்துல ஊத்தி, ஒரு அடி நீளக் குச்சி ரெண்டை வெச்சு மாவை அமுக்கிப் புரட்டுங்க. நீலம் கசியும். லசூரைட் தண்ணிப் பக்கம் சாயுற கனிமம், அதனால முதல்ல விட்டு வரும். கால்சைட்டும் பைரைட்டும் மெழுகோட ஒட்டிக்கிட்டு நிக்கும். சூடு கூடிப்போனா மெழுகே இளகி, அழுக்கும் சேர்ந்து இறங்கிடும். காரம் கூடினா பிசின் சோப்பாயிடும்.

தண்ணி நீலமானதும் தனிக் கிண்ணத்துல வடிச்சிட்டு, புதுக் காரநீர் ஊத்துங்க. கிண்ணங்களைக் கலக்கவே கூடாது. இந்த வேலையோட விலை முழுக்க அந்த வரிசையிலதான் இருக்கு. முதல் ரெண்டு வடிப்பு அவுன்ஸ் எட்டு டுக்காட்னு (அந்தக் காலத் தங்கக் காசு) சென்னினி சொல்றார். கடைசி ரெண்டு சாம்பலுக்கும் கேடாம். கடைசியில வர்ற வெளிர் சாம்பல்நீலத்துக்கு அல்ட்ராமரீன் சாம்பல்னே பேரு. அதையும் தூக்கிப் போடாதீங்க, ஓவியத்துல தோலோட நிழலுக்கு அருமையா இருக்கும். 100 கிராம் கல்லுல முதல் தரம் சில கிராம்தான் தேறும்.

இதனாலதான் ஒப்பந்தத்துலயே நீலத்தோட தரத்தை எழுதினாங்க. ஓவியர் கிர்லாந்தாயோ 1485ல ஃபிளாரன்ஸ் அனாதை இல்லத்துக்கு வரைய ஒத்துக்கிட்ட, ஞானிகள் குழந்தை இயேசுவை வணங்குற படத்துக்கு, அவுன்ஸ் நாலு ஃபுளோரின் (ஃபிளாரன்ஸ் தங்கக் காசு) தரத்துல அல்ட்ராமரீன் போடணும்னு நிபந்தனை. செலவைக் குறைக்க அடியில அசூரைட் பூசி மேல மட்டும் அல்ட்ராமரீன் பூசுறதும் சகஜம். சந்தேகமா இருந்தா ஒரு துளி தூளை இரும்புத் தகட்டுல சூடு பண்ணுங்க; அசூரைட் கறுத்துடும், அல்ட்ராமரீன் அப்படியே நிக்கும்.

பொடியை நல்ல தண்ணியில கார வழுக்கல் போற வரைக்கும் அலசி, காய விடுங்க. எண்ணெயில குழைச்சா கறுப்பா தெரியும், பயப்படாதீங்க. ஒளிவிலகல் எண் எண்ணெய்க்கு ரொம்பப் பக்கம், அதனால கண்ணாடி மாதிரி ஆயிடுது. கொஞ்சம் வெள்ளை சேர்த்தா நிறம் எழும்பும். டச்சு ஓவியர் வெர்மீரோட 'முத்துத் தோடு போட்ட பெண்' படத்துல தலைப்பாகையோட வெளிச்சப் பக்கம் அப்படித்தான்.

ஒண்ணே ஒண்ணு, எலுமிச்சை, வினிகர் எதுவும் கிட்ட வரக்கூடாது. இந்த நீலமே கூண்டு மாதிரி கட்டமைப்புக்குள்ள சிக்கியிருக்கிற கந்தகத்தால வர்றது. அமிலம் பட்டா கூண்டு உடையும், அழுகின முட்டை நாத்தம் வரும், நீலம் போயிடும். 1820கள்ல கண்டுபிடிச்ச செயற்கை அல்ட்ராமரீனுக்கும் இதே பலவீனம்தான். துணிக்குப் போடுற பழைய நீலப்பொடி அதுதான். வீட்டுல இருந்தா ஒரு சிட்டிகை எடுத்து வினிகர் விட்டுப் பாருங்க, ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு.