பில்லுக்குப் பின்னால ஓடுற மணிக்கூடு

[காட்சி: வெள்ளவத்தை, காலி வீதி, இரவு 7 மணி. கடைவாசலில ஹெல்மெட் கழட்டாத டெலிவரி பெடியள்.]

குரல்: "ஒரு சிக்கன் பேர்கர், ஒரு ஃப்ரைஸ்" எண்டு சொல்லுறீங்க. கவுண்டரில நிக்கிற தங்கச்சி திரையில தட்டுறா. பில்லைக் கிழிச்சு உங்கட கையில தர முதலே ஓடர் குசினிக்குப் போயிட்டுது.

[காட்சி: குசினி. சீட்டு அடிக்கிற பிரிண்டர், கிட்டத்தில.]

குரல்: சில கடைகளில அது சீட்டாப் போகும். பில் அடிக்கிற பிரிண்டரில மையே இல்லை. தாளில பூசின இரசாயனம் சூடு பட்டுக் கறுக்கிறதுதான் எழுத்து. அந்தத் தாளை அடுப்புக்குப் பக்கத்தில வச்சால் தாள் முழுக்கக் கறுத்துப்போகும். அதாலதான் நிறையக் குசினிகளில இண்டைக்கும் ஊசி ரிபனில குத்தி அடிக்கிற பழைய வகை பிரிண்டர். சிவப்பு ரிபனும் இருந்தால் "வெங்காயம் வேண்டாம்" சிவப்பில விழும். 'கிர்ர்' எண்டு சத்தம் போடும், போடட்டும். எண்ணெய் பொரியிற இரைச்சலுக்குள்ள ஓடர் வந்தது தெரியோணுமே!

[காட்சி: தலைக்கு மேல திரை. பச்சைக் கட்டங்கள்.]

குரல்: பெரிய கடைகளில சீட்டு இல்லை, திரை. பேர்கர் செய்யிற இடத்தில பேர்கர் மட்டும் தெரியும், பொரிக்கிற இடத்தில ஃப்ரைஸ் மட்டும். ஒவ்வொரு ஓடரிலயும் நேரம் ஓடும். பச்சை மஞ்சளாகும், மஞ்சள் சிவப்பாகும். எத்தினை நிமிசத்தில எண்டதைக் கடைதான் செட் பண்ணும். வேலை முடிஞ்சு பட்டனை அடிச்சால் ஓடர் மறையும்.

இங்கதான் விளையாட்டு. மெசினுக்குத் தெரிஞ்சது பட்டன் அடிச்ச நேரம். பார்சல் கட்டின நேரம் இல்லை. ரிப்போர்ட்டில சிவப்பு விழக்கூடாது எண்டு, சனம் கூடின நேரத்தில முதலே அடிச்சு விடுவினம்.

"தம்பி, என்ர நம்பர் ரெடி எண்டு காட்டுது. பார்சல் எங்க?"

"ரெண்டு நிமிசம், அங்கிள்."

என்னைக் கேட்டால் பிழை அந்தப் பெடியனில இல்லை. ஆளைக் குறைச்சுப்போட்டு மணிக்கூட்டை மட்டும் இறுக்கினால் அவன் வேற என்ன செய்வான்?

[காட்சி: பொரிக்கிற மெசின்.]

குரல்: கோழியில அந்தச் சுத்துமாத்து சரிவராது. நடு இறைச்சி 74 பாகை செல்சியஸ் தொடோணும். குளிர்க் கோழியை அள்ளிப் போட்டால் எண்ணெய்ச் சூடு இறங்கும். நல்ல மெசின் அதைப் பார்த்து, நேரத்தைத் தானே நீட்டிக்கொள்ளும்.

[காட்சி: கவுண்டர் ஓரம், ரெண்டு டேப்லட்.]

குரல்: சாப்பாடு ஓடர் எடுக்கிற டெலிவரி ஆப்புகள்: ஒண்டு ஊபர் ஈட்ஸ், மற்றது பிக்மி ஃபூட். கடை சிஸ்டத்தோட இணைச்சிருந்தால் ஓடர் நேரா உள்ள போகும். சின்னக் கடையில அதே தங்கச்சிதான் திருப்பி அடிக்கோணும், உங்கட மிச்சக் காசை எண்ணிக்கொண்டே. டேப்லட் கத்தும். அவ எட்டி அமத்துவா. வாசலில ஒருத்தர் போனைத் தூக்கிக் காட்டி, "அக்கா, இந்த ஓடர்?" எண்டு கேட்கேக்கை, அது இன்னும் குசினிக்கே போயிருக்காது.